வாங்குவோர் முகவரி ஏடு: மின்னஞ்சல் வழியே விளைபொருள் விற்பனை

மஞ்சள் மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு வீடு திரும்பும் உழவருக்கு, அதனை உண்ணப்போகிறவர் யார் என்பது தெரியாது. உண்பவருக்கும் அதனை விளைவித்தவர் யார் என்பது தெரியாது. இணைய வாணிகம் இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் மஞ்சள்தூள், கருப்பட்டி, செக்கு எண்ணெய் முதலியவற்றை இன்று இணையத்தின் வாயிலாக நேரே விற்று வருகின்றன. ஆயினும், ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் வாங்கினால்தான் தொழில் நிலைபெறும். ஆண்டுதோறும் புது ஆளைத் தேடிக்கொண்டிருந்தால், இலாபம் விளம்பரத்திலேயே கரைந்துவிடும். வாங்கியவரோடு தொடர்பு அறாமல் இருக்க உதவும் எளிய சாதனம் மின்னஞ்சல் முகவரி ஏடு. அதனைத் தொகுக்கும் முறையையும் வளர்க்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

சொந்த நிலமும் குத்தகை நிலமும்

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்ற தளங்களில் நம் பொருளை விரும்பிப் பின்தொடர்வோர் பலர் இருக்கலாம். ஆனால், அவர்களுடைய முகவரி நம்மிடம் இல்லை. நம் செய்தியை அவர்களுள் எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதையும் தளத்தின் உரிமையாளரே முடிவு செய்கிறார். இது குத்தகை நிலத்தில் தென்னை வைப்பதை ஒக்கும். ஆர்குட் என்னும் தளம் 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. தடைக்குரிய காரணங்கள் வேறு. எனினும், அத்தளத்தை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தாம் சேர்த்த பார்வையாளரை ஒரே நாளில் இழந்தனர்.

மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமையானதன்று. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அதனை அனுப்பிக் காட்டினார். இன்று எந்த நிறுவனத்தின் அஞ்சல் பெட்டியிலிருந்தும் வேறு எந்த நிறுவனத்தின் பெட்டிக்கும் கடிதம் செல்கிறது. முகவரி ஏடு நம் கையில் இருந்தால், அனுப்பும் நிறுவனத்தை நாம் மாற்றினாலும் வாங்குவோரை இழக்க மாட்டோம்.

இதனால் மற்றத் தளங்களைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்தில் வாங்குவோருக்கு வாட்ஸ்அப் செய்தியே போதும். நகரங்களிலும் அயல்நாடுகளிலும் அலுவல் பார்ப்போரை எட்டுவதற்கே மின்னஞ்சல் பெரிதும் பயன்படும்.

முகவரி சேர்க்கும் முறை

1. இணையதளத்தில் ஒரு சிறு படிவம் வைத்தல் வேண்டும். பெயரும் மின்னஞ்சல் முகவரியும் மட்டும் கேட்டால் போதும். கேள்விகள் மிகுந்தால் பலர் நிரப்பாமலே சென்றுவிடுவர்.

2. பதிவு செய்வோருக்குக் கிடைக்கும் பயனைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். ‘எங்கள் செய்திகளைப் பெறுக’ என்று எழுதினால் முன்வருவோர் குறைவு. ‘புது மஞ்சள் அரைத்தவுடன் முதலில் உங்களுக்குத் தெரிவிப்போம்’ என்று எழுதினால் வாங்குவோருக்கு ஆர்வம் உண்டாகும்.

3. அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் படிவத்தின் முகவரி அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றை வைக்கலாம். கண்காட்சிகளில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, விரும்புவோரைத் தம் கையாலேயே எழுதச் செய்யலாம்.

4. பதிவு செய்தவருக்கு ஓர் உறுதிக் கடிதம் அனுப்பி, ‘ஆம், எனக்கு அனுப்பலாம்’ என்று அவர் தெரிவித்த பின்னரே ஏட்டில் சேர்த்தல் நலம். பிழையான முகவரிகளும் பிறர் பெயரில் எழுதியவைகளும் இதனால் நீங்கும்.

அனுமதி இன்றியமையாதது

‘பத்தாயிரம் முகவரிகள் விலைக்குத் தருகிறோம்’ என்று சிலர் அணுகக்கூடும். அவற்றை வாங்குதல் ஆகாது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர், கேளாமலே சுமார் 400 பேருக்கு விளம்பரக் கடிதம் அனுப்பிக் கடும் எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். இன்றோ அதன் விளைவு இன்னும் கடுமையானது. கூகுள், யாஹூ ஆகிய நிறுவனங்கள் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்குரிய விதிகளை இறுக்கியுள்ளன. ‘இது வேண்டாத அஞ்சல்’ என்று புகார் செய்வோர் ஆயிரத்துக்கு மூவர் என்ற அளவை எட்டலாகாது. எட்டினால், விரும்பிக் கேட்டவர்களுக்கு அனுப்பும் கடிதங்களும் குப்பைப் பகுதிக்குச் சென்றுவிடக்கூடும். நல்ல நெல்லோடு பதரைக் கலந்தவர் நிலை இதுவே.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் அறிந்து மனமுவந்து தரும் ஒப்புதலே செல்லும் என்றும், ஒப்புதல் தருவது போன்றே அதனைத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருத்தல் வேண்டும் என்றும் வகுத்துள்ளது. ஆதலின், ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் விலகுவதற்குரிய வழி இருத்தல் வேண்டும். விலகியவருக்கு மீண்டும் எழுதலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். வீட்டு வரிப் பதிவேடு, பயனாளிகள் பட்டியல் முதலியன மக்கள் வேறு காரியத்துக்காக நம்பிக் கொடுத்தவை. நம் ஊர்க் குழுவின் நன்மைக்காக என்றாலும், அவற்றிலிருந்து முகவரியையோ தொலைபேசி எண்ணையோ எடுத்து வாணிகத்துக்குத் தருதல் முறையன்று.

என்ன எழுதுவது?

மாதம் ஒரு கடிதம் போதும். ஒவ்வொரு கடிதத்திலும் ‘வாங்குங்கள்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் சலிப்படைவர். உழவரிடம் எழுதுவதற்குச் செய்திக்குக் குறைவில்லை. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். வைகாசி, ஆனியில் விதைக் கிழங்கு நடுவது பற்றி ஒரு கடிதம் எழுதலாம். மழைக்காலத்தில் பயிரின் நிலையைப் படத்துடன் தெரிவிக்கலாம். தை முதல் பங்குனி வரை அறுவடை. பின்னர்க் கிழங்கை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றும் விதத்தை விளக்கலாம். 2019ஆம் ஆண்டில் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அப்பகுதி உழவர்கள் எடுத்துரைக்கலாம். இவ்வாறு ஒன்பது மாதம் பயிரோடு உடன் வந்தவர், தூள் அரைத்த செய்தி கிடைத்ததும் விலையை மட்டும் பார்த்து வாங்க மாட்டார்.

விளைச்சல் குறைந்தாலோ, பொட்டலம் தாமதித்தாலோ, அதனையும் மறைக்காமல் எழுதுதல் வேண்டும்.

ஏட்டைப் பேணுதல்

தொடக்கத்தில் சாதாரண ஜிமெயில் கணக்கே போதும். அதில் நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப இயலாது. பலருக்கு ஒருங்கே அனுப்பும்போது, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத வண்ணம் ‘பிசிசி’ என்னும் கட்டத்தில் முகவரிகளை இடுதல் வேண்டும். ஏடு பெருகிய பின் இதற்கென உள்ள சேவை நிறுவனங்களை நாடலாம். திரும்பி வரும் முகவரிகளை அவ்வப்போது நீக்குதல் வேண்டும். ஓராண்டாகக் கடிதத்தைத் திறவாதவரிடம், தொடர்ந்து அனுப்பலாமா என்று கேட்டு, விடை வாராவிடில் நீக்கிவிடலாம். களை எடுப்பது போன்றதே இது. எண்ணிக்கை குறைவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஏடும் கடவுச்சொல்லும் ஒருவரிடம் மட்டுமே இருத்தல் கூடாது. குழுவின் பொறுப்பாளர் இருவரிடம் இருத்தல் வேண்டும். ஏட்டின் படி ஒன்றைத் தனியே பாதுகாத்தல் வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது, கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பது போலவே இதனையும் முறையாக ஒப்படைத்தல் கடமையாகும்.

குழுக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. கடந்த ஆண்டு நம்மிடம் வாங்கியவர்களுள் எத்தனை பேருடைய முகவரி நம்மிடம் உள்ளது? அவர்களுள் அனுமதி தந்தவர் எத்தனை பேர்?

2. நம் ஊர் விளைபொருளைப் பற்றி ஓராண்டுக்கு எழுதத்தக்க பன்னிரண்டு செய்திகள் யாவை?

3. ஏட்டைப் பேணும் பொறுப்பை ஏற்கத்தக்க இருவர் யாவர்?