இலவச இரவின் விலை

பேரங்காடியின் நுழைவாயிலில் சிறு மேசை போட்டு, "கடன் பற்று அட்டை வேண்டுமா?" என்று அழைப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் காட்டும் அட்டைகளுள் சில, தங்கும் விடுதிகளோடு தொடர்புடையவை. செலவழிக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் போதிய அளவு சேர்ந்தால் விடுதியில் ஓர் இரவு இலவசம் என்பார்கள். அத்தகைய அட்டை நமக்குத் தேவையா என்பதை எப்படி முடிவு செய்வது? ஜொகூரில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம். இக்குடும்பமும் அந்த அட்டையும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. இதில் வரும் வங்கி விதிகளும் வரியும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளவை.

அக்காவின் ஆசை

ஸ்கூடாயில் அந்தக் குடும்பம் வசிக்கிறது. அப்பா லாரி ஓட்டுநர். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். இருபத்து நான்கு வயதான மூத்த மகள், பாசிர் கூடாங்கில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறாள். மாதச் சம்பளம் 2,800 ரிங்கிட். இளையவன் நான்காம் படிவ மாணவன்.

ஒரு சனிக்கிழமை அக்கா பேரங்காடியிலிருந்து ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வீடு திரும்பினாள்.

"தம்பி, இன்னும் பதினொரு மாதத்தில் அப்பா அம்மாவுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது. இருவரும் இதுவரை ஒரு நல்ல விடுதியில் தங்கியதே இல்லை. இந்த அட்டையை எடுத்தால் தேசாரு கடற்கரையில் ஓர் இரவு இலவசமாகத் தங்க வைக்கலாம். முதலாண்டுக் கட்டணமும் இல்லையாம்," என்றாள்.

தம்பி படிவத்தை வாங்கிப் படித்தான். முன்பக்கத்தில் கடலும் தென்னையும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தன. பின்பக்கத்தில் விதிமுறைகள் மிகச் சிறிய எழுத்தில் இருந்தன.

"அக்கா, கையொப்பம் இடுவதற்கு முன்பு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்று கேட்டான் அவன்.

அப்பா தம் லாரிச் செலவுகளை எழுதி வைக்கும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தனர்.

புள்ளிகள் வந்த கதை

வாடிக்கையாளர்களுக்கு வெகுமதி தரும் திட்டங்கள் புதியவை அல்ல. 1983ஆம் ஆண்டில் ஹாலிடே இன், மேரியட் ஆகிய விடுதி நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கான வெகுமதித் திட்டங்களைத் தொடங்கின. 1987இல் ஹில்டன் நிறுவனமும் தொடங்கியது. ஒருமுறை வந்தவர் அடுத்த முறையும் வேறு விடுதிக்குப் போகாமல் தம்மிடமே வரவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். பின்னர் வங்கிகளும் இதில் இணைந்தன.

வங்கி ஏன் நமக்குப் புள்ளி தருகிறது? நாம் அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் அத்தொகையில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகச் செலுத்துகிறார். அட்டைதாரர்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்துகின்றனர். கடனை முழுமையாக அடைக்காதவர்கள் வட்டியும் செலுத்துகின்றனர். இவ்வருமானத்தின் ஒரு பகுதியைக் கொண்டுதான் வங்கி புள்ளிகளை வழங்குகிறது. ஆகவே, புள்ளி என்பது அன்பளிப்பு அன்று. அதற்கான விலையை யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் செலுத்திவிடுகிறார். அந்த ஒருவர் நாமா என்பதையே நாம் கண்டறிய வேண்டும்.

கணக்கு சொல்லும் உண்மை

அக்கா கொண்டுவந்த படிவத்தின்படி, ஒரு ரிங்கிட் செலவுக்கு 2 புள்ளிகள். தேசாரு விடுதியில் ஓர் இரவுக்கு 24,000 புள்ளிகள் தேவை. அதாவது, 12,000 ரிங்கிட் செலவழித்தால்தான் அந்த இரவு கிடைக்கும். அதே அறையைப் பணம் கொடுத்து எடுத்தால் 350 ரிங்கிட்.

"நீங்கள் மாதம் எவ்வளவு அட்டையில் செலவழிப்பீர்கள்?" என்று தம்பி கேட்டான்.

அக்கா யோசித்தாள். சம்பளத்தில் ஒரு பகுதியை அம்மாவிடம் ரொக்கமாகத் தருகிறாள். மோட்டார் சைக்கிள் தவணையும் படிப்புக் கடனும் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போய்விடுகின்றன. மளிகைப் பொருள், கைப்பேசிக் கட்டணம், சில்லறைச் செலவு ஆகியவற்றை மட்டுமே அட்டையில் செலுத்த முடியும். எல்லாம் சேர்த்து மாதம் 600 ரிங்கிட்.

தம்பி எழுதினான்:

மாதம் 600 ரிங்கிட் செலவு என்றால் 1,200 புள்ளிகள்.
24,000 புள்ளிகள் சேர 20 மாதங்கள்.
இரண்டாம் ஆண்டுக்கான கட்டணம் 300 ரிங்கிட்.
சேவை வரி ஆண்டுக்கு 25 ரிங்கிட். இரண்டு ஆண்டுகளுக்கு 50 ரிங்கிட்.
மொத்தம் 350 ரிங்கிட்.

இருவரும் அந்தக் கடைசி வரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தனர். இலவச இரவுக்காகக் கட்ட வேண்டிய தொகையும் அறையின் வாடகையும் ஒன்றே!

இங்குக் குறிப்பிட்ட சேவை வரி, 2018 செப்டம்பர் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் ஒவ்வொரு கடன் பற்று அட்டைக்கும் ஆண்டுதோறும் விதிக்கப்படுகிறது. ஆண்டுக் கட்டணம் இல்லாத அட்டைக்கும் இவ்வரி உண்டு. "முதலாண்டு இலவசம்" என்ற சொல்லைக் கேட்கும்போது இதனை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. திருமண நாளுக்கு இருப்பதோ பதினொரு மாதங்கள். புள்ளிகள் சேரத் தேவைப்படுவதோ இருபது மாதங்கள்.

வட்டி என்னும் பள்ளம்

"நான் எப்படியும் புதிய கைப்பேசி வாங்கத்தான் போகிறேன். விலை 3,000 ரிங்கிட். அதை அட்டையில் வாங்கினால் 6,000 புள்ளிகள் உடனே கிடைக்குமே!" என்றாள் அக்கா.

பதினொரு மாதச் செலவோடு அதைக் கூட்டினாலும் 19,200 புள்ளிகளே வந்தன. அப்போதும் 24,000 எட்டவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி, அந்த 3,000 ரிங்கிட்டை ஒரே மாதத்தில் எப்படித் திருப்பிச் செலுத்துவது என்பதுதான்.

மாதக் கணக்கறிக்கையில் உள்ள தொகையைக் குறித்த நாளுக்குள் முழுமையாகச் செலுத்துபவர்களுக்கு வட்டி இல்லை. முழுமையாகச் செலுத்த இயலாதவர்கள் குறைந்தபட்சத் தொகையாக நிலுவையில் 5 விழுக்காட்டைக் கட்டலாம். ஆனால், மீதித் தொகைக்கு வட்டி ஏறும். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் குறைந்தபட்சத் தொகையையாவது தவறாமல் கட்டியவர்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, பன்னிரண்டில் பத்து மாதங்களாவது தவறாமல் கட்டியவர்களுக்கு 17 விழுக்காடு, மற்றவர்களுக்கு 18 விழுக்காடு என மூன்று உச்ச வரம்புகள் உள்ளன. தவணை தவறினால் தாமதக் கட்டணமும் சேரும்.

வட்டி 18 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரிங்கிட் நிலுவைக்கு முதல் மாத வட்டி 45 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகையாகக் கட்டும் 150 ரிங்கிட்டில் 45 ரிங்கிட் வட்டிக்கே போய்விடும். கடன் 105 ரிங்கிட் மட்டுமே குறையும். இவ்வாறு ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், ஒன்பது மாதங்களில் வட்டி மட்டுமே 350 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். கடனோ இன்னும் 2,100 ரிங்கிட்டுக்கு மேல் பாக்கி இருக்கும். ஆக, விடுதி அறையின் வாடகையை வங்கிக்கு வட்டியாகக் கட்டிய பிறகும் அறை கிடைத்திருக்காது.

இளையோர் இப்பள்ளத்தில் விழாமல் இருக்க, பேங்க் நெகாரா மலேசியா சில கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. முதன்மை அட்டை பெற ஒருவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாக உள்ளவர்கள், இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு மாத வருமானத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. அக்காவின் ஆண்டு வருமானம் 33,600 ரிங்கிட். எனவே, அவளுக்கு ஓர் அட்டையில் 5,600 ரிங்கிட் வரை கடன் கிடைக்கலாம். விதி அனுமதிக்கிறது என்பதற்காக நம் வருமானம் அதைத் தாங்கும் என்று பொருளாகாது.

யாருக்கு நன்மை?

அப்படியென்றால், இவ்வட்டையால் யாருக்குமே பயன் இல்லையா? உண்டு. அக்காவின் மேலாளரை எடுத்துக்கொள்வோம். அவர் அலுவலக வேலையாக ஆண்டுக்கு இருபது இரவுகள் கோலாலம்பூரில் அதே நிறுவனத்தின் விடுதியில் தங்குகிறார். அறை வாடகை இரவுக்கு 300 ரிங்கிட். முதலில் அவர் கட்டும் வாடகையை அலுவலகம் பின்னர்த் திருப்பித் தந்துவிடுகிறது. வீட்டுச் செலவு மாதம் 1,500 ரிங்கிட். ஆக, ஆண்டுக்கு 24,000 ரிங்கிட் அட்டையில் செலவாகிறது. 48,000 புள்ளிகள் சேர்கின்றன. அவை இரண்டு இலவச இரவுகளுக்கு, அதாவது 700 ரிங்கிட்டுக்குச் சமம். ஆண்டுக் கட்டணமும் வரியும் சேர்ந்த 325 ரிங்கிட்டைக் கழித்தாலும் 375 ரிங்கிட் மிச்சம். ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் அவர் கட்டிவிடுவதால் வட்டியும் இல்லை.

அட்டை ஒன்றே, பயன் வேறு. மேலாளர் புள்ளிக்காகப் புதிதாக எதையும் வாங்கவில்லை. எப்படியும் செய்யவேண்டிய செலவுக்குத்தான் அவருக்குப் புள்ளி கிடைக்கிறது. அக்காவோ புள்ளிக்காகச் செலவைப் பெருக்க வேண்டியிருந்தது. வேறுபாடு இங்குதான் உள்ளது.

இவருங்கூடக் கவனமாகவே இருக்க வேண்டும். புள்ளியின் மதிப்பை நிர்ணயிப்பது விடுதி நிறுவனமே. எடுத்துக்காட்டாக, மேரியட் நிறுவனம் இத்தனை புள்ளிகளுக்கு இந்த அறை என்றிருந்த நிலையான பட்டியலை 2022 மார்ச் மாதத்தில் கைவிட்டது. அதன்பின் தேவைக்கேற்ப அறைக்கான புள்ளிகள் ஏறவும் இறங்கவும் தொடங்கின. வங்கியில் சேமித்த நூறு ரிங்கிட் அடுத்த ஆண்டும் நூறு ரிங்கிட்டாகவே இருக்கும். இன்று சேர்த்த புள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு அதே அறை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதனால் புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பது நன்றன்று.

அக்காவின் முடிவு

அக்கா படிவத்தை மடித்து வைத்தாள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பாட்டி அடிக்கடி சொல்வார். நான் அளக்காமலே போடப் பார்த்தேன்," என்றாள்.

"அளந்துவிட்டோமே, அக்கா! 350 ரிங்கிட்டைப் பதினொரு மாதத்தால் வகுத்தால் மாதம் 32 ரிங்கிட் போதும். என் கைச்செலவிலிருந்து நானும் ஐந்து ரிங்கிட் தருகிறேன்," என்றான் தம்பி.

அன்றிரவே அக்கா இரண்டு காரியங்களைச் செய்தாள். விடுதி நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் கட்டணமின்றிச் சேர்ந்தாள். பெரிய விடுதி நிறுவனங்கள் பலவற்றில் உறுப்பினராகக் கடன் பற்று அட்டை தேவையில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. பிறகு, சம்பள நாளன்று 32 ரிங்கிட் தனிச் சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகுமாறு ஏற்பாடு செய்தாள். தம்பியின் ஐந்து ரிங்கிட் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்ந்தது.

திருமண நாள் பள்ளி விடுமுறைக்குள் வந்தது. அந்த வாரம் அறை வாடகை கூடியிருந்ததால், அடுத்த வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தனர். டின்னில் இருந்த 55 ரிங்கிட் மீன் உணவுக்கு உதவியது.

மறுநாள் காலையில் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துவரச் சென்றனர். அம்மா வழக்கம்போல் படுக்கை விரிப்பை மடித்து வைத்துவிட்டு, பலகணி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மெல்லக் கேட்டார்: "இதற்கெல்லாம் இன்னும் எத்தனை மாதம் கட்ட வேண்டும், அம்மா?"

"ஒன்றும் இல்லை, அப்பா. முன்பே கட்டியாயிற்று," என்றாள் மகள்.

மாணவர்களே, நாளை நீங்களும் சம்பாதிக்கத் தொடங்குவீர்கள். உங்கள் முன்னும் ஒருவர் படிவத்தை நீட்டுவார். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தச் செலவை அட்டை இல்லாவிட்டாலும் நான் செய்வேனா? மாதந்தோறும் முழுத் தொகையையும் என்னால் கட்ட முடியுமா? கட்டணத்தையும் வரியையும் கழித்த பிறகு எனக்கு என்ன மிஞ்சும்? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் அட்டையை வாங்குங்கள். இல்லையேல், படிவத்தை நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கடனில் சிக்கியவர்களை உங்களுக்குத் தெரிந்தால், 2006ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா அமைத்த, ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை நாடச் சொல்லுங்கள். அங்கு ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

சிந்தித்து விடையளித்திடுக

1. "புள்ளி என்பது அன்பளிப்பு அன்று" என்று கூறப்படுவதற்கான காரணத்தை விளக்குக.
2. ஒரே அட்டை அக்காவுக்குப் பயன் தராமல் மேலாளருக்குப் பயன் தருவது ஏன்?
3. அக்கா மாதம் 1,000 ரிங்கிட் அட்டையில் செலவழிப்பவளாக இருந்தால் அவளது கணக்கு எவ்வாறு மாறும்? கணக்கிட்டு, அவள் அட்டையை எடுக்கலாமா என்பது குறித்து உமது கருத்தை எழுதுக.
4. "முன்பே கட்டியாயிற்று" என்ற தொடரின்வழி அக்காவின் மனநிலையை எவ்வாறு உணர்கிறீர்?