கரும்பு வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றியது ஏன்?



கல்லூரி விழாவில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து திரையிட்ட 96 விநாடிப் பாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "அட்டை மாடு எப்படிடா நடந்துச்சு?" என்று பலரும் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. மாடு நடந்த கதையைவிடச் சக்கரம் சரியாகச் சுற்றாத கதைதான் இதில் அதிகம். பொறுத்துக் கொள்ளவும்.

ஸ்டாப் மோஷன் என்பது பெரிய வித்தை இல்லை. பொம்மையை வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். துளி நகர்த்தி இன்னொன்று. எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் பொம்மை தானாக நகர்வது போலக் கண் ஏமாந்து போகும். சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. பொம்மைப் படத்தில் ஒரே போட்டோவை இரண்டு முறை காட்டிவிடலாம், 12 எடுத்தால் போதும். போதும் என்று சொல்வது சுலபம். 96 விநாடிக்கு 1152 போட்டோ ஆகிறது!

இது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்பே ஒரு பட்டாணிச் செடி வளர்வதை நாளுக்கு ஒரு படம் என்று பொறுமையாக எடுத்துக் காட்டியவர். பிறகு தீக்குச்சிகளையும் ஆட வைத்தார். பாட்டுக்கு இந்த முறையைப் பயன்படுத்தியதில் உலகப் புகழ் பெற்றது பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்' (1986). அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

பாட்டுப் படம் என்றால் பாட்டு முதலில் வர வேண்டும். எங்கள் நண்பன் ஒருவன் பறை அடித்தான், போனிலேயே பதிவு செய்தோம். நிமிடத்துக்கு 90 அடி. அப்படியானால் விநாடிக்கு ஒன்றரை அடி, ஓர் அடிக்கு 8 போட்டோ. இதை நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டு, எட்டாவது போட்டோவில் மாட்டின் கால் தரையில் படும்படி பார்த்துக் கொண்டோம். தாளம் பிசகாமல் இருந்ததற்கு அந்த நோட்டுதான் காரணம்.

வெளிச்சம்தான் உயிரை எடுத்தது. முதல் நாள் எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தால், தீபாவளி சீரியல் லைட் மாதிரி மினுக் மினுக் என்கிறது. போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிக் கொண்டே போயிருக்கிறது. அதையெல்லாம் கையால் நிறுத்திப் பூட்ட வேண்டும். டியூப்லைட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு போட்டோவிலும் சரியாக இரண்டு ஏற்ற இறக்கம் விழும், மினுக்கல் அடங்கும். ஜன்னலையும் பெட்ஷீட்டால் மூடினோம். வெள்ளைச் சட்டை போட்டவன் மேசைப் பக்கம் வரக்கூடாது என்று சட்டம் போட்டோம்.

இனி வண்டிக்கு வருகிறேன். எங்கள் ஊர் நெல்லிக்குப்பம். சர்க்கரை ஆலை ஊர் என்று சொன்னால் கடலூர் மாவட்டத்தில் யாருக்கும் தெரியும். அப்பா கரும்பு வண்டி ஓட்டியவர். நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம் வண்டியையும் மாட்டையும் கொடுத்தாச்சு. அதனால் என் ஞாபகத்தில் இருந்ததை வைத்து அட்டையில் வண்டி செய்தோம். சக்கரம் 5 செ.மீ. குறுக்களவு, 12 ஆரக்கால். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு நண்பனின் வீட்டு டைனிங் டேபிளில், போட்டோவுக்கு 1 செ.மீ. வீதம் நகர்த்தி, 40 விநாடிக்கு 480 படம் எடுத்து முடித்தோம். மேசை போதாமல் நாலு தடவை திரும்ப ஆரம்பத்துக்கே கொண்டு வந்து ஓட்டினோம்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் போனில் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"வண்டி முன்னால போவுது, சக்கரம் ஏன்டா பின்னால சுத்துது?"

"வீடியோல அப்பிடித்தாம்பா தெரியும்" என்றேன்.

"அதுவும் இல்லாம, கரும்பு பாரத்தோட இந்த ஓட்டம் எந்த மாடுப்பா ஓடும்?"

அவ்வளவுதான் சொன்னார். நான் சொன்ன பதில் எனக்கே கூச்சமாக இருந்தது. பண்ருட்டி போகும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 5 செ.மீ. சக்கரத்தின் சுற்றளவு 15.7 செ.மீ. ஆரக்கால் 12 என்றால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 30 டிகிரி. 1 செ.மீ. நகர்ந்தால் சக்கரம் சுமார் 23 டிகிரி சுற்றும். ஆரக்கால் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்கு எது எது என்று தெரியாது. 23 டிகிரி முன்னால் வந்ததைவிட, பக்கத்து ஆரக்கால் 7 டிகிரி பின்னால் போனதுதான் அதற்கு அருகில் தெரிகிறது. கண் அதை நம்பிவிடுகிறது. இடைவெளியில் பாதிக்கும் குறைவாக, அதாவது 15 டிகிரிக்குள் சுற்றினால்தான் முன்னால் போவதாகத் தெரியும். சரியாக 30 சுற்றினால் சக்கரம் நின்றே போகும். இண்டக்ஷன் மோட்டாரின் ஸ்லிப் அளக்கும் ஸ்ட்ரோபோஸ்கோப் முறையும் இதே தத்துவம்தான். அதைப் பரீட்சையில் படத்தோடு எழுதியவன் நான்!

அப்பாவின் இரண்டாவது கேள்விக்கும் கணக்கு இருந்தது. நிஜச் சக்கரம் ஏறக்குறைய ஐந்தடி, எங்களுடையதைப்போல் 30 மடங்கு. விநாடிக்கு 12 செ.மீ. என்பது நிஜத்தில் 3.6 மீட்டர், மணிக்கு 13 கிலோமீட்டர்! போட்டோவுக்கு 3 மில்லிமீட்டர் நகர்த்தினால் மணிக்கு 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே வருகிறது, நடை மாட்டின் வேகம். சக்கரமும் 7 டிகிரிதான் சுற்றும். இரண்டு தப்பும் ஒன்றாகத் தீர்ந்தது.

ஆனால் 480 படத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. "யாருக்குடா தெரியப் போவுது?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. ஆரக்காலை ஆறாகக் குறைத்தால் பழைய படத்தின் வேகத்திலேயே எடுக்கலாம் என்று இன்னொருவன் சொன்னான். ஆறு ஆரக்கால் வண்டியை எங்கள் தெருவில் காட்டினால் சிரிப்பார்கள். கடைசியில் பறை அடித்தவன்தான் என் பக்கம் பேசினான். எங்கள் வீட்டிலேயே மேசை போட்டு மறுபடி ஆரம்பித்தோம். 480 படத்துக்கும் சேர்த்து வண்டி நகர்ந்தது 144 செ.மீ.தான். ஒரே மேசையில், ஒரே ஓட்டத்தில் முடிந்தது.

இரண்டாம் ராத்திரி அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். 210 படம் முடிந்திருந்தது. எழுந்து வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"கடையாணி இல்லாம வண்டி ஓட்டுறீங்களேடா, சக்கரம் கழண்டுக்காதா?"

குண்டூசியை வெட்டி அச்சின் முனையில் சொருகினோம். மறுபடி முதலிலிருந்து எடுக்க யாருக்கும் தெம்பு இல்லை. விழாவில் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தடவை பார்ப்பவர்கள், வண்டி கிளம்பி பதினேழரை விநாடி கழித்து அச்சு முனையைப் பாருங்கள்.