புது ஊரில் பழைய தொழில்: பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்

கேள்வி: பெங்களூரில் பல வருடங்களாக கார்ப்பெட், சோஃபா கிளீனிங் தொழில் செய்துவந்தேன். அப்பாவின் உடல்நிலை காரணமாக இப்போது குடும்பத்தோடு கோவைக்கு வந்துவிட்டோம். மெஷின்களை அங்கேயே விற்றுவிட்டேன். இங்கே மறுபடியும் அதே தொழிலைத் தொடங்குகிறேன். மெஷினை நான்தான் ஓட்டுவேன். கூட ஒரு பையன் வருவான், போன் எடுப்பது மனைவி.

இப்போது என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சென்னை டீலர் ஒருவர் ஒரு வருட வாரண்டியோடு புது எக்ஸ்ட்ராக்ஷன் மெஷின் தருகிறார். ஆன்லைனில் அதில் பாதி விலைக்கு ஒரு மெஷின் கிடைக்கிறது. தொழிலை மூடுகிற உள்ளூர்க்காரர் ஒருவர் மெஷின், ஹோஸ், ஷாம்பூ எல்லாவற்றையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். பெங்களூரில் நான் வாங்கிய முதல் மெஷினில் நான்காவது மாதமே பம்ப் போய்விட்டது. 'கமர்ஷியலாக ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது. வியாபாரத்துக்கு வாங்கியவர் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் போக முடியாது' என்று கடைக்காரர் சொன்னதும் பேசாமல் வந்துவிட்டேன். அவர் சொன்னது சரியா? இந்த முறை எதை வாங்கினால் பாதுகாப்பு? பழுதானால் சென்னைக்குப் போய்த்தான் கேஸ் போட வேண்டுமா?

- வாசகர், கோவை

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சட்டம், மீதி மிரட்டல். நீங்கள் சொல்லும் நிலையில் நீங்கள் நுகர்வோர்தான். கோவையிலேயே வழக்குப் போடலாம். எதை வாங்குவது என்ற கேள்விக்கு, நீங்கள் எழுதிக் கேட்பதற்கு விற்பவர் தரும் பதிலை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. கடைக்காரர் சொன்னது இந்த வரி. அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் விளக்கியது. இப்போது நீங்கள் குடியேறியிருக்கும் கோவையில் தயாரான ஒரு மெஷினைப் பற்றிய வழக்கு அது. மெஷினை வாங்கியவர் அதில் தோற்றார். ஆனாலும் அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல் உங்களுக்குச் சாதகமானது. டைப்ரைட்டர் வாங்கிக் கூலிக்குத் தானே தட்டச்சு செய்பவர், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் எல்லாம் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆட்களை வைத்து ஓட்டி லாபம் பார்க்க வாங்கினால்தான் போகும். 2018-ல் பாராமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில், வேலையில்லாத பட்டதாரிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து வாங்கிய போட்டோ பிரிண்டிங் மெஷினுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைத்தது. வணிக நோக்கம் என்று சொல்பவர்தான் முதலில் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஆகவே பில்லை உங்கள் பெயரிலோ, நீங்கள் ஒருவரே உரிமையாளராக இருக்கும் கடையின் பெயரிலோ வாங்குங்கள். புது ஊரில் கௌரவமாக இருக்கும் என்று தொடக்கத்திலேயே பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்து அதன் பெயரில் மெஷின் வாங்கினால், 'சுயதொழில்' என்ற வாதம் பலவீனமாகிவிடும். புகார் மனு போடும்போது, மெஷினை நீங்களே இயக்குவதையும் குடும்பம் அந்த வருமானத்தை நம்பியிருப்பதையும் தெளிவாக எழுத வேண்டும். இந்த ஒரு பாரா இல்லாமல் தள்ளுபடியான மனுக்கள் நிறைய.

மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள்

அனுபவசாலிகள் செய்யும் தவறு இது. 'இன்ன கம்பெனி, இன்ன மாடல் ஒன்று அனுப்புங்கள்' என்று ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16(1), வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விற்பனைக்குள் தானாகவே சேர்த்துவிடுகிறது. அதே பிரிவின் வரம்புரையோ, பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கினால் இந்த நிபந்தனை இல்லை என்கிறது. 'அவர் கேட்ட மாடலைக் கொடுத்தேன், எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று விற்றவர் கையை விரிக்க நீங்களே வழி செய்து கொடுக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் டீலருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் அல்லது மெயில் போடுங்கள்:

"கோவையில் வீடுகளிலும் ஓட்டல்களிலும் கார்ப்பெட், சோஃபா கிளீனிங் செய்ய மெஷின் வேண்டும். தினமும் ஐந்தாறு மணி நேரம் ஓடும். போர் தண்ணீர். 230 வோல்ட் வீட்டு லைன். அடுத்த மாதம் 1-ம் தேதி ஓட்டல் வேலை தொடங்குகிறது. இதற்கு ஏற்ற மாடல் எது? இந்த உபயோகத்துக்கு வாரண்டி உண்டா? கோவையில் சர்வீஸ் செய்வது யார்? பம்ப், மோட்டார் கிடைக்க எத்தனை நாள் ஆகும்?"

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. 'தினமும் ஐந்தாறு மணி நேரம்' என்பது, பெங்களூரில் உங்களை விழவைத்த 'கமர்ஷியல் யூஸ்' பதிலை முன்கூட்டியே அடைக்கிறது. போர் தண்ணீரைச் சொல்வதற்குக் காரணம், உப்புப் படிந்து பம்பும் நாசிலும் அடைத்துக்கொண்டால் அதை வாரண்டியில் சேர்க்க மறுப்பது வழக்கம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடும் உண்டு, உப்புத் தண்ணீர் போரை மட்டும் நம்பியிருக்கும் வீடும் உண்டு. வோல்ட்டைச் சொல்வது, அமெரிக்காவின் 120 வோல்ட் லைனுக்காகச் செய்த மெஷின் தலையில் கட்டப்படாமல் இருக்க. ஓட்டல் வேலையின் தேதிக்கு இன்னும் கனம் அதிகம். ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73-ன்படி, ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம். ஓட்டல் ஆர்டர் இருப்பதே அவருக்குத் தெரியாது என்றால், அது கைவிட்டுப் போன நஷ்டத்தை அவரிடம் கேட்பது கடினம்.

பதில் வாயால் வந்தால், 'நீங்கள் போனில் சொன்னபடி' என்று தொடங்கி நீங்களே திருப்பி எழுதி அனுப்பிவையுங்கள். எழுத்தில் பதில் தரத் தயங்குபவரின் மெஷின் எவ்வளவு பெரிய கம்பெனியுடையதாக இருந்தாலும் வேண்டாம். வாட்ஸ்அப் பதிவும் சாட்சியம்தான். பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023, பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், போன் மாற்றினாலும் அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

வாரண்டி அட்டையின் பின்பக்கம்

பாதி விலை ஆன்லைன் மெஷினை நான் சந்தேகப்படுவது வாரண்டி நிபந்தனையால்தான். வீட்டு உபயோக வகைக்கும் தொழில் வகைக்கும் தயாரிப்பாளர்கள் தனித்தனி வாரண்டி நிபந்தனை வைக்கிறார்கள். சிலர் இரண்டு வகைக்கும் வேறு வேறு நிறமே கொடுக்கிறார்கள். வீட்டு வகையைத் தொழிலில் ஓட்டினால் வாரண்டி போய்விடும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், நுகர்வோர் என்ற தகுதி மட்டும் அந்த நிபந்தனையை அழித்துவிடாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். 'கமர்ஷியல் உபயோகத்துக்கும் வாரண்டி உண்டு' என்ற சொற்கள் அட்டையிலோ பில்லிலோ இருக்க வேண்டும். பம்ப், மோட்டார், கார்பன் பிரஷ், ஹோஸ் இவற்றில் எவை வாரண்டிக்குள், எவை தேய்மானக் கணக்கில் என்றும் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், மின்-வணிக விதிகள் 2020-ன்படி விற்பவரின் பெயர், முகவரி, வாரண்டி, திருப்பி அனுப்பும் நிபந்தனை ஆகியவை வெளிப்படையாகக் காட்டப்பட வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். அந்தப் பக்கத்தை வாங்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

தொழிலை மூடுபவரின் மெஷின்

மூன்றில் ஒரு பங்கு விலை ஆசை காட்டும். ஆனால் சட்டம் உங்களுக்கு மிகக் குறைவாக உதவுவது இங்கேதான். பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற சரக்கு விற்பனைச் சட்டப் பிரிவு 16(2), அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்பவருக்கே பொருந்தும். தன் பழைய மெஷினை ஒருமுறை விற்றுவிட்டுப் போகிறவருக்குப் பொருந்தாது. நுகர்வோர் ஆணையத்திலும் அவரை வியாபாரி என்று காட்டுவது சிரமம். அவர் வாயால் சொன்னது பொய் என்று நிரூபித்தால்தான் பிடி கிடைக்கும்.

அதனால் நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நல்ல தண்ணீர் டேங்கை நிரப்பி அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு பழைய கார்ப்பெட்டில் அடித்து, போன தண்ணீரில் எவ்வளவு அழுக்குத் தண்ணீர் டேங்குக்குத் திரும்புகிறது என்று கவனியுங்கள். குறைவாகத் திரும்பினால் வேக்குவம் மோட்டார் களைத்திருக்கலாம், மூடியின் ரப்பர் கேஸ்கட் போயிருக்கலாம், ஹோஸ் வெடித்திருக்கலாம். பிளக்கில் எர்த் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள், தண்ணீரோடு ஓடும் மெஷின் இது. சோதனை முழுவதையும் வீடியோ எடுங்கள்.

பிறகு பேப்பர். அவர் வாங்கிய அசல் பில்லையும், லோனில் வாங்கியிருந்தால் பேங்க்கின் என்ஓசியையும் கேளுங்கள். தனக்கு உரிமை இல்லாத பொருளை விற்பவரிடமிருந்து உங்களுக்கும் உரிமை வராது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 27. சீரியல் நம்பர், தொகை, 'பம்பும் மோட்டாரும் வேலை செய்கின்றன, கடன் பாக்கி இல்லை' என்ற உறுதி எல்லாம் அடங்கிய ஒரு பக்க ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை பேங்க் வழியாகக் கொடுங்கள்.

மெஷின் வந்து இறங்கியதும்

புது மெஷினை அட்டைப்பெட்டியோடு மூலையில் வைத்துவிட்டு, திறப்பு விழாவுக்கு நாள் பார்க்காதீர்கள். பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பை சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 41 உங்களுக்குத் தருகிறது. நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பிரிவு 42 கருதும். ஏற்றுக்கொண்ட பிறகு மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பொதுவாகப் போய், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். குறை தெரிந்தால் அன்றே எழுத்தில் 'ஏற்க மறுக்கிறேன்' என்று தெரிவித்துவிடுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதை உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்று பிரிவு 43 சொல்கிறது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 சட்டத்தின் பிரிவு 2(47)-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. இன்னொன்று, சர்வீஸ் ஆள் வரும் முன் உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து மெஷினைத் திறக்காதீர்கள். 'வெளியாள் கை வைத்துவிட்டான்' என்பது விற்றவர்களின் நிரந்தரப் பதில்.

வழக்கு எங்கே?

சென்னைக்குப் போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34-ன்படி, புகார்தாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிகின்றன.

இதுவே சிவில் கோர்ட் என்றால் பில்லின் அடியில் உள்ள 'சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்ற வரி உங்களை இழுக்கும். 1989-ல் ஏ.பி.சி. லேமினார்ட் வழக்கில், குஜராத்தின் கைரா கோர்ட்டைக் குறிப்பிட்ட அப்படி ஒரு வரி இருந்தும் சேலத்து வியாபாரி சேலத்திலேயே வழக்கு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், 'மட்டும்' என்ற சொல் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட ஊரே செல்லும் என்று அந்த வழி குறுக்கப்பட்டது. நுகர்வோர் என்ற தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலக்கெடு, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம். உங்கள் பெங்களூர் பம்ப் விவகாரத்துக்கு அது கடந்திருக்கும். தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம் என்றாலும், கடைக்காரர் சொன்னதை நம்பிவிட்டேன் என்ற ஒரே காரணம் போதுமா என்பது சந்தேகம்தான். அதை விட்டுவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. கர்நாடகப் பதிவு தமிழ்நாட்டில் செல்லாது. அங்கே பதிவு இருந்திருந்தால் அதை முறைப்படி ரத்து செய்யுங்கள். இங்கே ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் புதிதாகப் பதிய வேண்டும்.

என் முடிவு இது. சென்னை டீலர் மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தந்து, கமர்ஷியல் உபயோகத்துக்கு வாரண்டியும் கோவையில் சர்வீஸும் ஒப்புக்கொண்டால் அவரிடமே வாங்குங்கள். தராவிட்டால் வேறு டீலரைப் பாருங்கள். ஆன்லைன் மெஷின் வேண்டாம். உள்ளூர்க்காரரின் பழைய மெஷின் சோதனையில் தேறி, பேப்பரும் சரியாக இருந்தால், மாற்று மெஷினாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி ஓட்டல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.