பத்தியமும் சுவையும்

உடலை வளர்ப்பது உணவு. அவ்வுடலில் நோய் தோன்றியவிடத்து, அதனைத் தணிப்பதற்கும் பெருக்குவதற்கும் காரணமாவதும் உணவே. ஆதலின், நோயுற்றார்க்கு மருந்து கூறிய நம் முன்னோர், உண்ணத் தக்கவற்றையும் தகாதவற்றையும் அதனோடு சேர்த்தே கூறினர். அவ்வுணவு முறைக்குப் பத்தியம் என்பது பெயர். வழிக்கு ஏற்றது என்னும் பொருளுடைய வடசொல்லின் வழியாக வந்தது இச்சொல். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தைப் படிப்போர், அஃது உண்ணும் அளவையும் காலத்தையும் பற்றியே பெரிதும் பேசுதலைக் காண்பர்.

ஆயினும், பத்தியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் முகம் சுளிக்கின்றனர். உப்பில்லாத கஞ்சியும் துவையலும் அவர் கண்முன் தோன்றுகின்றன. பத்தியம் சுவைக்குப் பகையாக இருந்தே தீர வேண்டுவதன்று. வழிவழியாக வந்த உணவை, நோய்க்கு ஏற்ப, அதன் இயல்பு கெடாமல் மாற்றிச் சமைத்தல் இயலும். அஃது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே அமைந்தது திருப்பெரும்புதூர். 1017ஆம் ஆண்டில் இராமானுசர் தோன்றிய பெருமை உடையது அவ்வூர். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நிலப்பகுதி அது. ஏர் உழுதும், நாற்று நட்டும், களத்தில் போரடித்தும் பகலெல்லாம் உழைத்த மக்கள், காலையில் கேழ்வரகுக் கூழும் இரவில் நெற்சோறும் உண்டு வாழ்ந்தனர். ஆடித் திங்களில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் வழக்கம் அப்பழைய உணவை இன்றும் நினைவூட்டுகின்றது.

1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் ஒரகடம், வல்லம் ஆகிய ஊர்களிலும் தொழிற்பேட்டைகள் பெருகின. உந்துகளும், அவற்றின் உறுப்புகளும், கைப்பேசிகளும் இன்று அங்கே உருவாகின்றன. மக்கள் பலருடைய உழைப்பின் தன்மை மாறிற்று. சிலர் இயந்திரத்தின்முன் ஒரே இடத்தில் நின்று பணி செய்கின்றனர்; சிலர் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்க்கின்றனர். ஒரு வாரம் பகல் முறை, மறு வாரம் இரவு முறை என உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் மாறி மாறி வருகின்றன. உழைப்பு மாறியும் தட்டில் இடும் சோற்றின் அளவு மாறவில்லை. கூழ் குறைந்து, தீட்டிய வெள்ளரிசி மூன்று வேளையும் வந்து சேர்ந்தது.

இம்மாற்றம் அவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நோயிருப்பதை அறியாமலே பணிக்குச் செல்வோர் பலர். ஆதலின், தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தையும், 2024ஆம் ஆண்டில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தையும் தொடங்கிற்று. பணியிடத்திலேயே குருதி அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் ஆய்ந்து கூறுதல் பின்னதன் நோக்கம்.

நோயைக் கண்டறிதல் மருத்துவர் கடமை. அதன்பின் நாள்தோறும் அதனை ஆள்வது அடுக்களையின் கடமை. அடுக்களை தவறுமாயின் விளைவு கொடிது. கட்டுக்கு அடங்காத நீரிழிவு கண்ணொளியைக் குறைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலில் உணர்வை நீக்கி, ஆறாத புண்ணை உண்டாக்கும். இவையனைத்தும் அறிந்தும் மக்கள் பத்தியத்தைக் கைவிடுவது ஏன்? வீட்டார் அனைவரும் மணக்க மணக்க உண்ணும்போது, ஒருவர் மட்டும் தனிக் கிண்ணத்தில் சுவையற்றதை உண்ண வேண்டியிருத்தல் பெருங்காரணமாகும். சில நாள் பொறுப்பர். பிறகு மறைவில் உண்பர். ஆகவே, சுவையுடைய பத்தியமே நிலைத்து நிற்கும் பத்தியமாகும்.

“முன்னோர் சமைத்த முறையை மாற்றலாமோ?” என வினவுவார் உளர். முன்னோரும் மாற்றியவரே. நாம் தொன்மையானது என எண்ணும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்த்துகீசியர் வாயிலாக 16ஆம் நூற்றாண்டில் இந்நாடு புகுந்தது. மிளகு போன்ற காரமுடைய காய் ஆதலின் மிளகாய் எனப் பெயர் பெற்றது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அக்கண்டத்திலிருந்தே வந்தன. மிளகாய் வருமுன் நம் சமையல் எவ்வாறு இருந்தது என்பதற்குக் கோயில் மடைப்பள்ளிகள் இன்றும் சான்றாகின்றன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியில் மிளகாய் இல்லை. மிளகும், சீரகமும், சுக்கும், பெருங்காயமும் உள்ளன. வெங்காயமும் பூண்டும் விலக்கப்பட்ட அம்மடைப்பள்ளிகளில் சுவைக்குக் குறைவு உண்டோ? ஒன்றை விலக்கியும் நன்கு சமைக்கலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மருத்துவ வரலாறும் இதனையே கூறும். நீரிழிவு உடையார்க்கு வாற்கோதுமை உணவு ஏற்றது எனச் சரக சங்கிதை பண்டைக் காலத்திலேயே உரைத்தது. 1922ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் இன்சுலின் முதன்முதலாக நோயாளி ஒருவர்க்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் மேனாட்டில் நீரிழிவாளரை ஏறத்தாழப் பட்டினி கிடக்கச் செய்தனர். சென்னையில் மருத்துவப் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். தானியமும் பருப்பும் காய்கறியும் உண்டு பழகிய நம் மக்களுக்கு, நார்ச்சத்து மிகுந்த தானிய உணவே பொருந்தும் என அவர் வலியுறுத்தினார். நம் உணவை அறவே நீக்காமல், அதனைத் திருத்திக் கொள்ளும் நெறி இது.

இனித் திருத்தும் முறையைக் காண்போம். ஓர் உணவில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தொழில் உண்டு. அத்தொழில் யாது என முதலில் அறிய வேண்டும். பிறகு, நோய்க்கு ஆகாத பொருளை நீக்கி, அத்தொழிலைச் செய்யவல்ல வேறொன்றை அவ்விடத்தில் அமைக்க வேண்டும்.

இட்டலியை எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பெருவழக்கு. அரிசி இட்டலிக்குப் பருமன் தருகின்றது. உளுந்தின் பசையோ, மாவு புளிக்கும்போது எழும் காற்றை வெளியேறாமல் பிடித்து வைக்கின்றது. ஆகவே, அரிசியில் பாதியை நீக்கிச் சாமையோ தினையோ சேர்க்கலாம்; உளுந்தைச் சற்றே கூட்டலாம்; இட்டலி மென்மையாகவே இருக்கும். உளுந்தைக் குறைத்தால் மட்டும் அது கல்லாகிவிடும். வெண்பொங்கலிலும் இவ்வாறே அரிசிக்கு ஒத்த அளவு பாசிப்பருப்புச் சேர்த்து, நெய்யைக் குறைக்கலாம். பொங்கலுக்கு உயிர் மிளகும் சீரகமும் இஞ்சியுமாதலின், அவற்றில் கை வைத்தல் கூடாது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சிறுதானியம் என்ற பெயரே நோயை நீக்கிவிடாது. தவிடு போகத் தீட்டிய சாமையில் நார்ச்சத்துக் குறைந்துவிடும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக உண்டு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருக்கின்றது. ஆயினும், அதனை நுண்ணிய மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சிப் பருகினால், விரைவில் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கும். எத்தானியமாயினும் அளவு இன்றியமையாதது. தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு பருப்பு முதலிய புரத உணவு, கால்பங்கு சோறு என வகுத்துக்கொள்ளுதல் எளிய வழி.

அடுத்து, உப்பு. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்னும் பழமொழியை இதற்கு மறுப்பாகக் கூறுவர். உப்பின் தொழிலும் இடத்துக்கு இடம் வேறுபடும். குழம்பில் அது சுவைக்காக இடப்படுகின்றது. ஊறுகாயில் கெடாமல் காப்பதற்காக இடப்படுகின்றது. குழம்பில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எலுமிச்சையின் புளிப்பையும், மிளகின் காரத்தையும், கறிவேப்பிலை கொத்தமல்லியின் மணத்தையும் கூட்டினால், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். ஊறுகாயிலோ உப்பைக் குறைத்தால் அது கெட்டுப்போகும். அதனைக் கைவிட்டு, அன்றன்று அரைத்த மாங்காய்த் துவையலையோ நெல்லிக்காய்ப் பச்சடியையோ செய்துகொள்வதே தக்கது.

மாற்றுக்கு இடந்தராத பண்டங்களும் உண்டு. சருக்கரைப் பொங்கலில் இனிப்பே தலைமை. சீனிக்கு மாற்றாக வெல்லமோ, கருப்பட்டியோ, தேனோ இட்டால் தீங்கில்லை எனப் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பிழையானது. இவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே. ஆதலின், பெயரை மாற்றி உண்பதினும், திருநாளன்று உணவுக்குப் பின் ஒரு கரண்டி மட்டும் உண்டு, அதற்கு ஈடாகச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுதல் நேர்மையான வழி. அதற்கும் மருத்துவர் இசைவு வேண்டும்.

ஒருவர்க்கு ஏற்ற பத்தியம் மற்றொருவர்க்கு ஏலாது என்பதையும் உணர வேண்டும். நீரிழிவாளர்க்கு நலம் தரும் கீரையும் பருப்பும், சிறுநீரகம் பழுதுற்றவர் சிலர்க்கு அளவோடு நிறுத்தத் தக்கவையாகும், இளநீரும் அத்தகையதே. பழுதுற்ற சிறுநீரகம் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்தை வெளியேற்ற இயலாமல் தவிப்பதே காரணம். அவர்க்குக் காயைச் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். ‘காய் வெந்த நீரைக் கொட்டாதே’ என்பது பிறர்க்கு நல்லுரை. இவர்க்கு அது பொருந்தாது. உப்புக்கு மாற்று என விற்கப்படும் சிலவற்றில் பொட்டாசியம் மிகுதியாக இருத்தலின், அவையும் இவர்க்கு ஆகா.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவரும் உளர். இட்டலி, தோசை, ஆப்பம், இடியாப்பம் என அரிசியால் ஆன உணவுகள் நம்மிடம் நிறைந்திருத்தலின், இவர் தமிழ் அடுக்களையில் எளிதாக வாழலாம். இரவை உப்புமாவுக்கு மாற்றாக அரிசி நொய்யுப்புமா உண்ணலாம். ஆயினும், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்துள்ளது. குழம்பில் இடும் ஒரு சிட்டிகையும் இவர்க்குத் தீங்காகலாம். ஆகவே, பொட்டலத்தின் மேல் அச்சிட்டுள்ளவற்றைப் படித்து வாங்குதல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் இத்தகைய நோயுடையார் இருப்பாராயின், நீங்கள் செய்யத்தக்க பணி உண்டு. உறைகளில் அச்சிட்ட சிற்றெழுத்துகளைப் படித்துக் காட்டுங்கள். மருத்துவர் கூறிய உணவுக் குறிப்பை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இரவுப் பணிக்குச் செல்லும் தந்தையாரின் தூக்குப் பாத்திரத்தில் சோற்றைவிடக் காய் மிகுந்திருக்குமாறு தாயாருக்கு உதவுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ கொள்வார் திடீரென உணவைக் குறைத்தால், குருதியில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றலாம். ஆதலின், உணவு மாற்றம் எதுவும் மருத்துவரைக் கேட்ட பின்னரே செய்யத்தக்கது.

எல்லாவற்றினும் சிறந்தது, வீட்டில் இரண்டு உலை வையாமை. காய் மிகுந்த, உப்பும் எண்ணெயும் இனிப்பும் அளவாக அமைந்த உணவு, நோயற்ற பலர்க்கும் நன்மையே தரும். சிறுநீரக நோய் போன்றவற்றில் சிலவற்றைத் தனியே சமைக்க நேரினும், அமர்ந்து உண்ணும் பந்தி ஒன்றாகவே இருக்கட்டும். நோயாளிக்கென ஒதுக்கிய கிண்ணம் அவரை வீட்டாரிடமிருந்து பிரிக்கின்றது. அனைவர்க்கும் பொதுவான சட்டி அவரை மீண்டும் பந்தியில் சேர்க்கின்றது. பத்தியத்தை நோயாளியின் தண்டனையாகக் கருதாமல், குடும்பத்தின் ஒழுக்கமாகக் கொள்ளும் இல்லத்தில், மருந்து தன் தொழிலை நன்கு செய்யும்.

வினாக்கள்

1. தொழில் மாற்றத்தால் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் உணவும் உழைப்பும் எவ்வாறு பொருந்தாமற் போயின?
2. இட்டலியில் அரிசியும் உளுந்தும் செய்யும் தொழில்கள் யாவை?
3. குழம்பில் குறைக்கத் தகும் உப்பு, ஊறுகாயில் குறைக்கத் தகாதது ஏன்?
4. ‘ஒருவர்க்கு ஏற்ற பத்தியம் மற்றொருவர்க்கு ஏலாது’ – சான்று தந்து விளக்குக.
5. உங்கள் இல்லத்தில் வழக்கமாகச் சமைக்கும் உணவு ஒன்றைத் தேர்ந்து, அதில் சேரும் பொருள் ஒவ்வொன்றின் தொழிலையும் கேட்டறிந்து எழுதுக.