ஐந்து லட்ச ரூபாய் அட்டையும் தாத்தாவின் சொத்தைப் பல்லும்

அன்புள்ள கயல்,

தாத்தாவின் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்யத் தனியார் கிளினிக்கில் பணம் கேட்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் எதற்கு இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான், கண்ணு.

அந்த அட்டை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும். ஆனால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். விபத்தில் தாடை உடைந்தால் உதவும். சொத்தையை அடைக்க உதவாது. பல் வைத்தியம் வந்த அன்றே வீடு திரும்பும் வைத்தியம். அதற்கு நாற்காலி, கருவி, அடைக்கும் பொருள், டாக்டர் சம்பளம் என்று அரசு நேராகச் செலவழிக்க வேண்டும்.

அதற்கென்றே 2014-15இல் மத்திய அரசு தேசிய வாய்நலத் திட்டத்தைத் தொடங்கியது. தேசிய சுகாதார இயக்கத்தின் வழியாகப் பணம் வருகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. பிரசவம், தடுப்பூசி, காசநோய் எல்லாம் அதே இயக்கத்துக்குள் அடக்கம். உயிர் போகிற காரியங்களுக்கு நடுவே பல்லின் குரல் எடுபடுவதில்லை.

விளைவைப் பார். பல் பிடுங்க ஒரு தடவை போனால் போதும். ரூட் கெனாலுக்கு எக்ஸ்ரே வேண்டும், பல தடவை வர வேண்டும், கடைசியில் கேப் போட வேண்டும். பொருள் இருப்பில்லாத இடத்தில், காப்பாற்றத் தெரிந்த டாக்டரும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். பிடுங்கினால் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரு நாள் சம்பள இழப்போடு முடிகிறது. காப்பாற்றக்கூடிய பல்லை ஏழை இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பணக்கார நாடுகளும் இதில் தடுமாறியவைதான். பிரிட்டன் 1948இல் பல் வைத்தியத்தை எல்லோருக்கும் இலவசமாக்கியது. செலவு தாங்காமல் 1951இல் பல்செட்டுக்குக் கட்டணம் வைத்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியையே விட்டார்.

இப்போதைக்கு நீ தாத்தாவை மின்சார ரயிலில் சென்னைக்கு அழைத்துப் போ. 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்ட்ரலிலிருந்து தூரமில்லை. பிறகு ஒரு வேலை செய். உங்கள் ஊரான வேப்பம்பட்டு மக்கள் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் நாற்காலி உண்டா, டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், போன ஆண்டு எத்தனை பல் அடைத்தார்கள், எத்தனை பிடுங்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுது. கட்டணம் 10 ரூபாய்தான். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா