பேரேரிகளுக்கு ஏற்ற பாய்க்கலம்

ஏரி என்னுஞ் சொல் செவியிற் பட்டவுடன் தமிழர் உள்ளத்தில் எழுங் காட்சி ஒன்றே. கரை கட்டி மழைநீரைத் தேக்கி, மதகு வழியே வயலுக்குப் பாய்ச்சும் நீர்நிலையே அது. வீராணமும் மதுராந்தகமும் நமக்குப் பெரிய ஏரிகள். ஆனால் வட அமெரிக்காவில், ஐக்கிய நாடுகளின் வடபாலும் கனடாவின் தென்பாலும் பரந்து கிடக்கும் ஐந்து நன்னீர்ப் பரப்புக்களையும் அந்நாட்டார் ஏரி என்றே அழைக்கின்றனர். சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஈரி, ஒன்டாரியோ என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுட் பெரிதாகிய சுப்பீரியரின் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பிற் பாதிக்கும் மேல். அதன் பேராழம் 406 மீட்டர். இத்தகைய நீர்ப்பரப்பில் ஒரு கரையில் நிற்பார்க்கு மறுகரை தோன்றுவதில்லை.

இவ்வேரிகளிற் கோடைதோறும் குடும்பத்தோடு பாய்க்கலம் ஏறி, துறைக்குத் துறை சென்று தங்கி வருவது அந்நாட்டாரின் வழக்கம். அதற்கு அவர்கள் பெரிதும் நாடுவன 28 அடி முதல் 36 அடி வரையுள்ள நடுத்தரக் கலங்கள். தனி ஒருவர்க்கென்று செய்யப்படாமல், தொழிற்சாலையில் ஒரே அச்சிலிருந்து நூற்றுக்கணக்கில் வார்க்கப்படுவன இவை. ஏரிக்கரை நகரங்களாகிய டொராண்டோவிலும் சிகாகோவிலும் இன்று நம் மொழி பேசுவோர் பலர் வாழ்கின்றனர். அவருள் ஒருவர் கலம் வாங்க எண்ணுவாராயின், எதனை முதலிற் கருதவேண்டும்? கலத்தையன்று, நீரையே முதலிற் கருதவேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. காட்சிச்சாலையிற் கண்ணைக் கவரும் கலமெல்லாம் அலைமேற் கைகொடுக்கும் கலமன்று.

நீரின் இயல்பு

ஏரிநீரில் உப்பில்லை, கண்ணுக்குப் புலனாகும் ஏற்றவற்றமும் இல்லை. இவ்விரண்டும் கலத்துக்கு நன்மையே. உப்பின்மையால் இரும்பும் பிற உலோகங்களும் விரைவில் அரிபடுவதில்லை. ஆதலின் ஏரியிலேயே வாழ்நாளைக் கழித்த பழைய கலத்துக்குக் கடலோரத்தாரிடத்தும் மதிப்புண்டு.

ஆனால் அலையின் தன்மை வேறு. கடலிற் காற்று நெடுந்தொலைவு தடையின்றி வீசுவதால் அலைகள் நீண்டு, ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு உருள்கின்றன. ஏரியில் அத்தொலைவு குறைவாதலின் அலைகள் குறுகிச் செங்குத்தாய் அடுத்தடுத்து வந்து மோதுகின்றன. இலேசான கலம் ஓரலையிலிருந்து மீளுமுன் மறு அலையின் அடியை ஏற்கிறது. ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டரே. அங்குப் பெருங்காற்று எழுந்தால் நீர் கிழக்கே பஃபலோ நகர்ப்பக்கம் குவிய, மேலைக்கரையில் நீர்மட்டம் பல அடி தாழ்ந்துவிடும். காற்றுத் தணிந்தபின் அந்நீர், தட்டிற் சாய்த்த நீர்போல, இருபுறமும் ஊசலாடும்.

குளிரையும் மறத்தலாகாது. ஜூன் மாதத்திற்கூடச் சுப்பீரியரின் நடுப்பகுதி நீர் பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழேயே உள்ளது. அதில் வீழ்ந்தவன் நெடுநேரம் உயிர் தரிப்பது அரிது. 1975ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், 729 அடி நீளமுள்ள எட்மண்ட் பிட்சுஜெரால்டு என்னும் இரும்புத்தாதுக் கப்பல் அவ்வேரியின் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் பிழைத்திலர். இன்பப் பயணஞ் செய்வார் நவம்பரிற் புறப்படுவதில்லை. மே முதல் அக்டோபர்த் தொடக்கம் வரையே அவர்களது பருவம். எனினும் கோடையிலும் இடியோடு கூடிய திடீர்க் காற்று எழுவதுண்டு. அந்த அரைமணி நேரத்தை மனத்திற்கொண்டே கலத்தைத் தேர்தல் வேண்டும்.

நீளமும் வேகமும்

கலத்தின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீர்க்கோட்டில் அளந்த நீளத்தை அடியாற் குறித்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆற் பெருக்கினால், அவ்வெல்லை மணிக்கு இத்தனை கடல்மைல் என்று ஏறத்தாழக் கிடைக்கும். நீர்க்கோடு 25 அடியாயின் வர்க்கமூலம் 5, வேகவெல்லை 6.7 கடல்மைல். வழிநடையிற் சராசரியாக ஐந்து கிடைத்தால் நன்று.

மிச்சிகன் ஏரியின் பேரகலம் ஏறத்தாழ 118 மைல். கடல்மைற் கணக்கில் 100க்குச் சற்று மேல். மணிக்கு ஐந்து வீதம் சென்றால் அதைக் கடக்க இருபது மணி நேரத்துக்கு மேலாகும். ஆகவே பகலிற் புறப்பட்டார் இரவையும் நீர்மேற் கழிக்க நேரும். அங்ஙனமாயின் ஒருவர் உறங்க மற்றொருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும். படுக்கை கலம் சாய்ந்தபோதும் உருண்டு விழாதபடி அமையவேண்டும். அடுப்புச் சாய்வுக்கேற்ப ஆடி நிற்கவேண்டும். துறைக்கருகே பகலில் மட்டும் உலாவுவார்க்கு இவை வேண்டுவதில்லை. தம் பயணம் இவ்விரண்டில் எது என்பதை வாங்குவார் முன்னரே துணிதல் நன்று.

நீளங் கூடக் கூட வசதி கூடும்; செலவு அதனினும் விரைவாய்க் கூடும். துறைவாடகை பெரும்பாலும் அடிக்கணக்கில் வாங்கப்படுகிறது. பாயும் கயிறும் நங்கூரமும் கலத்தோடு பெருக்கின்றன. கணவனும் மனைவியும் இருவராகவே செல்வாராயின், காற்று மிகும்போது ஒருவர் தனியே பாயைச் சுருக்க இயலுமா என்பதே அளவுகோல். இயலாத கலம் அவர்க்குப் பெரிய கலம்.

ஏராவும் அடிபாரமும்

கலத்தின் அடியில் முதுகெலும்புபோல் அமைந்து நீரைக் கிழித்து நிற்கும் உறுப்பு ஏரா எனப்படும். ஈயமோ இரும்போ அதிற் சேர்ந்து அடிபாரமாகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்தால் அது மீண்டும் நிமிர்வதன் காரணமே, காற்றாற் சாய்ந்த கலம் நிமிர்வதற்கும் காரணம்.

ஏராவின் வகையை மூன்று கலங்களால் விளக்கலாம். முதலாவது, கார்ல் ஆல்பெர்க் என்பார் வரைந்த ஆல்பெர்க் 30. இது 1962 முதல் ஒன்டாரியோ மாகாணத்து விட்பி நிறுவனத்தாற் செய்யப்பட்டது. ஏரா நீண்டது, அகலம் 8 அடி 9 அங்குலமே. உள்ளிடம் குறுகினும் கொந்தளிப்பில் மென்மையாய்ச் செல்லும். நேர்வழி பிடித்தால் எளிதில் விலகாது. இரண்டாவது, 1970களின் நடுவிலிருந்து 2008 வரை ஆறாயிரத்துக்கு மேற்பட்டுச் செய்யப்பட்ட கேட்டலைனா 30. நீளம் ஏறத்தாழ முன்னதனோடு ஒத்ததே. அகலமோ 10 அடி 10 அங்குலம். எடை 10,200 இராத்தல். அதில் 4,200 அடிபாரம், அதாவது நூற்றுக்கு 41 பங்கு. ஏரா குறுகிய துடுப்புப்போன்றது, விரைவிற் திரும்பும், உள்ளே குடும்பம் முழுதும் தங்க இடமுண்டு. நீர்க்கோட்டுக் கணக்கின்படி இவ்விரண்டின் வேகவெல்லைக்கும் உள்ள வேறுபாடு அரைக் கடல்மைலே. எனவே இவற்றிடையே தேர்வது வேகத்தை நோக்கியன்று. வீடுபோன்ற உள்ளிடமா, அலையில் அமைதியா என்பதை நோக்கியே.

மூன்றாவது, ஈரி ஏரியை அடுத்த ஒகையோ மாநிலத்து டார்ட்டன் நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலிருந்து செய்த டார்ட்டன் 34. இதன் ஏராவினுள் ஏற்றியிறக்கும் பலகை ஒன்றுண்டு. பலகையை ஏற்றினால் 3 அடி 11 அங்குல ஆழம் போதும். இறக்கினால் எட்டடிக்கு மேல் ஆழ்ந்து, காற்றை எதிர்த்துச் செல்லத் துணைபுரியும். ஆழங்குறைந்த ஏரியை அடுத்துப் பிறந்த கலத்துக்கு இவ்வமைப்பு எத்துணைப் பொருத்தம்! மிச்சிகன், ஹியூரன் ஏரிகளின் நீர்மட்டம் 2013ஆம் ஆண்டு ஜனவரியில், அளவெடுக்கத் தொடங்கியபின் கண்ட மிகத் தாழ்ந்த நிலையை எய்தியது. 2020இலோ ஏறத்தாழ ஆறடி உயர்ந்திருந்தது. உயர்ந்த ஆண்டில் வாங்கிய ஆழ்ந்த கலம் தாழ்ந்த ஆண்டில் தன் துறைக்குள்ளேயே தரைதட்டக்கூடும்.

பழங்கலத்தைச் சோதித்தல்

நடுத்தரக் குடும்பத்தார் வாங்குவன பெரும்பாலும் பிறர் ஆண்ட கலங்களே. கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து வார்த்த உடல் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் உறுதியாய் நிற்பதுண்டு. நோய் பெரும்பாலும் மேல்தளத்திலேயே ஒளிந்திருக்கும். கனங் குறைக்கவேண்டி மேல்தளத்தின் இரு கண்ணாடியிழைப் படலங்களுக்கிடையே பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துள்ளனர். ஆணித்துளை வழியே நீர் புகுந்தால் அம்மரம் உளுக்கும். மாரிக்காலத்தில் அந்நீர் உறைந்து விரிந்து படலங்களைப் பிரிக்கும். உப்பில்லா ஏரியின் நன்மையை உறைபனி இங்ஙனம் ஓரளவு கவர்ந்துகொள்கிறது. மண்குடம் வாங்குவார் தட்டிப் பார்ப்பதுபோல் மேல்தளத்தையும் சிறு சுத்தியாற் தட்டிப் பார்த்தல் வேண்டும். கணீரென்றால் நலம், மந்தமாய் ஒலித்தால் ஐயம்.

பாய்மரத்தைத் தாங்குங் கம்பிகளும், அவை உடலோடு பிணைக்கப்பட்ட தகடுகளும் அடுத்துக் காணத்தக்கன. பொறியையும் நோக்கவேண்டும். 1960களிலும் 1970களிலும் பல கலங்களில் அட்டாமிக் 4 என்னும் பெட்ரோற் பொறி வைக்கப்பட்டது. பெட்ரோலாவி காற்றினுங் கனமானது. கசிந்தால் அடித்தளத்திற் தங்கி ஒரு பொறியில் வெடிக்கும். ஆதலின் தொடக்குமுன் விசிறியால் அவ்வாவியை வெளியேற்றுவது கட்டாயம். டீசற்பொறியில் அவ்வச்சம் குறைவு. உலோகங்களைக் காக்க நீரினுள் இடும் பலிக்கட்டியும் இடத்துக்கேற்ப மாறும். கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம்.

இவற்றையெல்லாம் வாங்குவார் தாமே கண்டபின்னரும், விற்பாரோடு தொடர்பில்லாத சோதனை வல்லுநர் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காட்டுதல் முறை. விலை ஒருமுறை கொடுப்பது. துறைவாடகை, மாரிக்காலத்திற் கரையேற்றிக் காக்குஞ் செலவு, காப்பீடு ஆகியவை ஆண்டுதோறும் கொடுப்பவை. கைப்பொருள் முழுவதையும் விலைக்கே கொடுத்தவன் கிழிந்த பாயை மாற்றப் பொருளின்றி, அதனோடே நடு ஏரிக்குச் செல்வான்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. தான் செல்லும் நீரின் ஆழமும் அலையும் அறிந்து ஏராவைத் தேர்க. தன்னுடன் வருவாரின் வலிமை அறிந்து நீளத்தைத் தேர்க. தன் கைப்பொருளில் ஒரு பங்கைப் பழுதுபார்க்க ஒதுக்கி, எஞ்சியதால் விலையைத் தேர்க. இம்மூன்றுக்கும் பின்னரே மெத்தையும் வண்ணமும் பேசத்தக்கன. துறையிற் கட்டிய கலம் எல்லாம் அழகியதே. மேகங் கறுத்துக் காற்றெழுந்து, கரை கண்ணுக்கு மறைந்து, குழந்தைகள் உள்ளறையிற் படுத்திருக்கும் வேளையில், சுக்கான் பிடித்தவன் கைக்கு அடங்கி நிற்பதே நல்ல கலம்.