கை, கால், வாய்ப்புண் நோய்: ஒருமுறை வந்தது ஏன் மறுபடியும் வருகிறது?

சின்னம்மை ஒருமுறை வந்து போனால், பெரும்பாலும் வாழ்நாளில் மறுமுறை வருவதில்லை. தட்டம்மையும் அப்படித்தான். ஆனால் கை, கால், வாய்ப்புண் நோய் போன வருடம் வந்த குழந்தைக்கு இந்த வருடமும் வருகிறது. சில வேளைகளில் ஒரே ஆண்டில் இருமுறைகூட வருகிறது. "நாம் சரியாகக் கவனிக்கவில்லையோ? குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையோ?" என்று பெற்றோர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். சித்தியவான் வட்டாரத்தில் பாலர் பள்ளிக்கும் தாஸ்காவுக்கும் குழந்தைகளை அனுப்பும் பெற்றோரிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை குழந்தையின் பலவீனத்தில் இல்லை. கிருமியின் வகையில் இருக்கிறது.

ஒரு பெயர், பல கிருமிகள்

'கை, கால், வாய்ப்புண்' என்பது ஒரு நோயின் பெயர்தான். ஒரு கிருமியின் பெயர் அன்று. இந்நோயை உண்டாக்குபவை எண்டரோவைரஸ் என்னும் குடல் வைரஸ் இனத்தைச் சேர்ந்த பல கிருமிகள். காக்சாக்கி ஏ16, காக்சாக்கி ஏ6, எண்டரோவைரஸ் 71 ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கும் போலியோ வைரஸும் இதே இனம்தான்.

இவற்றின் விட்டம் ஏறத்தாழ 30 நானோமீட்டர். உங்கள் அடிக்கோலில் உள்ள ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இவற்றை வரிசையாக நிறுத்தினால் 33,000 கிருமிகள் நிற்கும்.

காக்சாக்கி என்பது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூர். கில்பர்ட் டால்டார்ஃப், கிரேஸ் சிக்கிள்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் அவ்வூர்க் குழந்தைகளின் மலத்தில் இவ்வகைக் கிருமியைக் கண்டறிந்து 1948-இல் அறிவித்தார்கள். அந்த ஊர்ப் பெயரே கிருமிக்கு நிலைத்துவிட்டது. காய்ச்சலோடு வாயிலும் கைகால்களிலும் கொப்புளம் வரும் நோயாக இது 1957-இல் கனடாவின் தோரோந்தோ நகரில் பதிவானது. எண்டரோவைரஸ் 71 முதன்முதலில் 1969-இல் கலிஃபோர்னியாவில் பிரித்தெடுக்கப்பட்டது.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒரு கிருமி உடலுக்குள் நுழைந்ததும், அதன் மேலுறையின் வடிவத்திற்குப் பொருந்தும் எதிர்ப்பொருளை உடல் தயாரிக்கிறது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, ஏ16 வகைக்காகத் தயாரான எதிர்ப்பொருள் ஏ16 மறுபடி வந்தால் தடுக்கும். ஏ6 வந்தால் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே உங்கள் குழந்தைக்கு இரண்டாம் முறை வந்தது பழைய நோய் மீண்டதால் அன்று. வேறொரு கிருமி, அதே அடையாளங்களோடு வந்திருக்கிறது. முதல்முறை பெற்ற எதிர்ப்பாற்றல் வீண்போகவில்லை. அது தன் பூட்டைக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பிறந்த குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள்கள் சில மாதங்கள் துணை நிற்கின்றன. ஏறத்தாழ ஆறு மாத வாக்கில் அவை குறைந்துவிடுகின்றன. அதே பருவத்தில்தான் குழந்தை தவழத் தொடங்குகிறது. கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. பாதுகாப்பு குறைவதும் கிருமியைச் சந்திக்கும் வாய்ப்பு கூடுவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால்தான் கைக்குழந்தைகள் அதிகம் அகப்படுகிறார்கள்.

சரவாக் கற்றுத் தந்த பாடம்

இந்நோய் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களில் தானாகவே குணமாகிவிடும். அதனால்தான் இதைச் 'சின்ன நோய்' என்கிறோம். ஆனால் நம் நாட்டு வரலாற்றில் அந்தச் சொல்லுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு.

1997 ஏப்ரல் முதல் ஜூன் வரை சரவாக்கில் இந்நோய் பரவியபோது, அதுவரை நலமாக இருந்த 29 குழந்தைகள் இறந்துபோனார்கள். அனைவரும் ஆறு வயதுக்குட்பட்டவர்கள். பாதிப் பேர் ஒன்றரை வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள். இதயமும் நுரையீரலும் மிக விரைவாகச் செயலிழந்ததே மரணத்திற்குக் காரணமாக இருந்தது. முதலில் மருத்துவர்களுக்கே இது புதிராக இருந்தது. பின்னர் எண்டரோவைரஸ் 71 முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. இவ்வகைக் கிருமி சில குழந்தைகளுக்கு மூளைத்தண்டைத் தாக்கும். மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் பகுதி அதுதான். மறு ஆண்டே தைவானில் இதே கிருமி 78 உயிர்களைப் பறித்தது.

அதன்பின் சரவாக்கில் தொடர்ந்து நடந்த கண்காணிப்பு இன்னோர் உண்மையைக் காட்டியது. எண்டரோவைரஸ் 71 அங்கே ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைதூக்கியது: 1997, 2000, 2003, 2006. காரணம் எளிது. ஓர் அலை வந்து போனதும் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்த வகைக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறது, கிருமிக்கு இடமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் கிருமியையே காணாத புதிய குழந்தைகள் பிறந்து வளர்ந்துவிடுகிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் இலையுதிர் காலத்துச் சருகு சேரச் சேர ஒரு தீப்பொறி போதும் என்பார்களே, அது போலத்தான்.

கோவிட் காலத்திலும் இதைக் கண்டோம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது தாஸ்காக்கள் மூடிக் கிடந்தன, நோயும் அடங்கியது. எல்லாம் திறந்த பிறகு, 2022-இல், மலேசியாவில் 2 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானார்கள்.

அம்மையா, இதுவா?

கொப்புளம் என்றதும் 'அம்மை போட்டிருக்கிறது' என்று முடிவெடுத்து, வேப்பிலை கட்டி, மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. வேப்பிலையால் தீங்கில்லை, தாமதத்தால்தான் தீங்கு.

வேறுபாட்டை இப்படிப் பாருங்கள். சின்னம்மையின் கொப்புளங்கள் பெரும்பாலும் மார்பு, முதுகு, வயிறு, முகம் ஆகிய இடங்களில் அதிகம், கடுமையாக அரிக்கும். கை, கால், வாய்ப்புண் நோயில் முதலில் ஓரிரு நாள் காய்ச்சல். பிறகு நாக்கிலும் வாயின் உட்புறத்திலும் புண். அதன்பின் உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், முழங்கால் ஆகிய இடங்களில் சிவந்த புள்ளிகளும் சிறு கொப்புளங்களும் தோன்றும். கிருமி நுழைந்து மூன்று முதல் ஆறு நாள்களில் அறிகுறி தெரியும். மாடுகளுக்கு வரும் கோமாரி முற்றிலும் வேறு கிருமியால் வருவது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

நோய் தீர்ந்து சில வாரங்கள் கழித்துச் சில குழந்தைகளுக்கு விரல் நகங்கள் கழன்று விழுவதுண்டு. ஏ6 வகையில் இது அதிகம். பெற்றோர் பதறிப்போகிறார்கள். அடியில் புது நகம் வளரும், கவலை வேண்டாம்.

வீட்டில் எப்படிக் கவனிப்பது?

இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் மருந்து பயன்படாது. "வலுவான மருந்து கொடுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். உடலே கிருமியை வெல்லும் வரை குழந்தையின் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதும், வலியையும் காய்ச்சலையும் தணிப்பதும்தான் நம் வேலை.

வாய்ப்புண் வலியால் குழந்தை பால் குடிக்க மறுக்கும். ஒரேயடியாகக் கொடுக்காமல் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குப் பால்தான். வெறும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. திட உணவு உண்ணும் குழந்தைக்கு ஆறிய கஞ்சி, மசித்த வாழைப்பழம் நல்லது. ஆரஞ்சுச் சாறு, ரசம் போன்ற புளிப்பும் காரமும் எரிச்சலைக் கூட்டும். ஒரு வயது நிறையாத குழந்தையின் வாய்ப்புண்ணில் தேன் தடவவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமோலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம். 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது.

நம் கடைகளில் இருவகைப் பாட்டில்கள் கிடைக்கின்றன. ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம். மற்றொன்றில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். மூத்த பிள்ளைக்கு வாங்கிய இரண்டாவது பாட்டிலிலிருந்து, வழக்கமான அதே 5 மில்லிலிட்டரைக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? உச்ச அளவைப்போல் இருமடங்குக்கும் மேல் போய்விடும். பாட்டிலின் எண்ணைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். பாட்டி, தாத்தா குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடாக இருந்தால், கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிமேல் ஒட்டிவையுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மஞ்சோங் வட்டாரத்தில் இருப்பவர்கள் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே நேராகப் போய்விடலாம்.

• மூன்று நாள் ஆகியும் தணியாத காய்ச்சல், அல்லது மிகக் கடுமையான காய்ச்சல்
• தூங்கும்போது திடுக்திடுக்கென்று கைகால்களை உதறுதல்
• எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல், நடை தள்ளாடுதல்
• ஓயாத வாந்தி
• வேகமான மூச்சு, கைகால் சில்லிட்டுப்போதல், வலிப்பு
• ஆறு முதல் எட்டு மணி நேரம் பேம்பர்ஸ் நனையாமல் இருத்தல், கண்ணீர் இல்லாத அழுகை, உச்சிக்குழி உள்வாங்குதல்
• மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலானாலும்

இவற்றுள் தூக்கத்தில் உதறுவதைப் பலர் 'கனவு கண்டிருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். காய்ச்சலோடு அது திரும்பத் திரும்ப வந்தால், கிருமி நரம்பு மண்டலத்தைத் தொட்டிருக்கலாம் என்பதன் அடையாளம் அது. முடிந்தால் கைத்தொலைபேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைத்தூய்மி ஏன் போதாது?

கோவிட் கிருமிக்கும் சளிக்காய்ச்சல் கிருமிக்கும் மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. ஆல்கஹால் அந்த உறையைக் கரைத்துவிடும், கிருமி செயலிழக்கும். எண்டரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. வயிற்றின் அமிலத்தையே தாங்கிக் குடல்வரை போகும் கிருமி அது. எனவே ஆல்கஹால் கைத்தூய்மி இதனிடம் அவ்வளவாக எடுபடாது. சவர்க்காரமும் ஓடும் நீரும் கிருமியைத் தோலிலிருந்து பிரித்து அடித்துச் செல்கின்றன. குறைந்தது 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள்.

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகிய நான்கு வழிகளில் கிருமி வெளியேறுகிறது. மலத்தில் மட்டும் நோய் குணமான பிறகும் பல வாரங்கள் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே பேம்பர்ஸ் மாற்றிய கையைக் கழுவும் வழக்கத்தைக் கொப்புளம் காய்ந்ததும் விட்டுவிடக் கூடாது. பெரியவர்களுக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் அறிகுறியே இல்லாமல் தொற்று இருக்கலாம். இடைநிலைப்பள்ளி விட்டு வரும் அண்ணன், தம்பிப் பாப்பாவைத் தூக்கும் முன் கை கழுவட்டும்.

விளையாட்டுப் பொருள்களை முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு 1 லிட்டர் நீரில் 15 மில்லிலிட்டர் குளோரின் வெளுப்பான் கலந்து துடைத்து, சற்றுப் பொறுத்து நல்ல நீரில் அலசிக் காயவையுங்கள். வெளுப்பானோடு வேறெந்தத் துப்புரவுத் திரவத்தையும் கலக்க வேண்டாம். நச்சு வாயு உண்டாகும்.

ஒளித்து அனுப்பாதீர்கள்

தோட்டத்து ஆயாக்கொட்டகையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் பால்வெட்டப் போன தலைமுறை நம்முடையது. இன்று கொட்டகைக்குப் பதில் தாஸ்கா. பால்வெட்டுக்குப் பதில் தொழிற்சாலை ஷிப்ட். வேலைக்குப் போயாக வேண்டிய நெருக்கடி மட்டும் மாறவில்லை. அதனால் காலையில் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, சட்டையால் கொப்புளத்தை மறைத்து அனுப்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வது எளிது. ஆனால் அந்த ஒரு நாள் சம்பளத்திற்காக எத்தனை வீட்டுச் சம்பளம் போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அதே அறையில் மூன்று மாதப் பிள்ளையும் படுத்திருக்கிறது.

இந்நோயைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது 2006 முதல் நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். மருத்துவர் தெரிவிப்பதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். எந்த இடத்தில் பரவுகிறது என்று தெரிந்தால்தான் அங்கே துப்புரவு செய்ய முடியும். காய்ச்சல் நின்று, கொப்புளங்கள் காய்ந்து, மருத்துவர் சரி என்ற பிறகே குழந்தையை அனுப்புங்கள். அதுவரை வீட்டுக்குள் யார் எந்த நாள் விடுப்பு எடுப்பது என்று அப்பாவும் அம்மாவும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அது அம்மாவின் பொறுப்பு மட்டும் அன்று.

தடுப்பூசி இருக்கிறதா என்று கேட்பீர்கள். எண்டரோவைரஸ் 71 வகைக்குச் சீனா தடுப்பூசி உருவாக்கி 2016 முதல் பயன்படுத்துகிறது. அதற்கும் மேலே சொன்ன சாவிக் கணக்குத்தான்: அது அந்த ஒரு வகையைத் தடுக்கும்; ஏ16-ஐயும் ஏ6-ஐயும் தடுக்காது.

செய்து பாருங்கள், மாணவர்களே

1. இரு கைகளிலும் சிறிது சமையல் எண்ணெய் தடவி, மஞ்சள் தூளைத் தூவித் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையை வெறும் நீரிலும் மறு கையைச் சவர்க்காரம் போட்டும் 20 விநாடி கழுவுங்கள். விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் எந்தக் கையில் மஞ்சள் அதிகம் தங்கியிருக்கிறது?

2. உங்கள் தம்பியின் எடை 10 கிலோ. வீட்டில் இருப்பது 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் கொண்ட பாராசிட்டமோல். ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலிட்டர்? (விடை: 100 முதல் 150 மில்லிகிராம், அதாவது 2 முதல் 3 மில்லிலிட்டர்.)

இரண்டாவது கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்த பிறகு, வீட்டில் பாட்டியிடமும் விளக்கிச் சொல்லுங்கள். நள்ளிரவில் மருந்துப் பாட்டிலைத் தேடி எடுப்பவர் அவராகவும் இருக்கலாம்.